இங்கிலாந்து–வேல்ஸ் எல்லைக் கோட்டைகள்: நான்கு நாளில் எவற்றை, எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது?

கேள்வி இது: மே மாதக் கடைசியில் லண்டனிலிருந்து நான்கு நாள் கிடைக்கிறது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியின் இடைக்காலக் கோட்டைகளையும் இடிபாடுகளையும் பார்க்க வேண்டும். மொத்தம் நான்கு பேர், அவர்களில் முழங்கால் வலி உள்ள அம்மாவும் பத்து வயதுப் பையனும் உண்டு. கார் எடுப்பதா, ரயிலே போதுமா? எதைப் பார்ப்பது, எதை விடுவது?

முதலில் தேதி. பிரிட்டனில் மே மாதக் கடைசித் திங்கள் வங்கி விடுமுறை, பெரும்பாலான பள்ளிகளுக்கு அந்த வாரமே அரைப்பருவ விடுமுறை. தங்கும் விடுதிகளில் விலை ஏறும், வாகன நிறுத்தங்கள் பதினோரு மணிக்குள் நிரம்பிவிடும். ஒரு வாரம் முன்னால் நகர்த்த முடிந்தால் நகர்த்திவிடுங்கள். மே நடுவில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகும், வழிநெடுகக் காட்டில் நீலமணிப் பூக்களும் இருக்கும். செப்டம்பரும் நல்ல மாதம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வேண்டாம். கட்டணக் கோட்டைகள் பலவும் அப்போது வார இறுதியில் மட்டுமே திறக்கும், டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும்.

இந்தப் பகுதியின் தன்மையைத் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பது இரட்டிப்பாகும். எல்லைக்கு அக்காலத்தில் 'மார்ச்' என்று பெயர். 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் அரசன் வில்லியம், வேல்ஸை நேரடியாகப் பிடிக்கப் போகாமல், எல்லையோரத்தில் செஸ்டர், ஷ்ரூஸ்பரி, ஹெரிஃபர்ட் ஆகிய மூன்று ஊர்களில் தனக்கு நம்பகமான பிரபுக்களை உட்கார வைத்தான். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் பிடித்த நிலத்தில் அரசனின் ஆணை செல்லாது. கோட்டை கட்ட அரசனிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. தாமே படை திரட்டலாம், நீதிமன்றம் நடத்தலாம். 1215ஆம் ஆண்டின் மேக்னா கார்ட்டாவே இங்கிலாந்துச் சட்டம், வேல்ஸ் சட்டம், மார்ச் சட்டம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறது. இந்தத் தனி உரிமைகள் 1536இல்தான் ஒழிந்தன. ஏறக்குறைய நானூற்றைம்பது ஆண்டுகள், ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரு குட்டி அரசு. அதனால்தான் இங்கே கோட்டைகள் இவ்வளவு நெருக்கம். பிரிட்டனின் அரசு வரைபட அமைப்பான ஆர்டினன்ஸ் சர்வேயின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தேவாலயத்துக்குப் பின்னால், பண்ணை வீட்டுக்குப் பக்கத்தில் என்று ஊருக்கு ஊர் பழங்கால எழுத்துருவில் 'மாட்' என்ற சொல் வரும். மாட் என்றால் ஆள் வைத்துக் கொட்டிய மண்மேடு. அதன் உச்சியில் மரக்கோபுரம், அடியில் வேலியிட்ட முற்றம். முதல் தலைமுறைக் கோட்டைகள் பெரும்பாலும் இவைதான்.

இவ்வளவு இருப்பதால்தான் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். நாளைக்கு ஐந்து கோட்டை என்று திட்டம் போடுகிறார்கள். மூன்றாவது கோட்டையிலேயே எல்லாச் சுவரும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும், பையன் காரைவிட்டு இறங்க மாட்டான். ஒரு நாளைக்கு ஒரு பெரிய கோட்டை, ஒரு நடுத்தரக் கோட்டை, வழியில் ஒரு சின்ன இடிபாடு. அதற்கு மேல் போகாதீர்கள்.

காரா ரயிலா என்ற கேள்விக்கு: நான்கு பேர் என்றால் கார். எல்லைக் கோட்டைகளில் மிக அழகானவை பல, பேருந்து எட்டிப் பார்க்காத சந்துகளில் இருக்கின்றன. இந்திய, இலங்கை உரிமம் வைத்திருக்கும் பார்வையாளர் வந்த நாளிலிருந்து 12 மாதம் வரை சிறிய வாகனம் ஓட்டலாம். இடப்பக்கம் ஓட்டுவதும் நமக்குப் பழக்கம்தான். பழக்கமில்லாதது சாலையின் அகலம். கிராமச் சாலைகள் ஒரு கார் மட்டும் போகும் அகலம், இருபுறமும் ஆளுயரப் புதர்வேலி. எதிரே வண்டி வந்தால் யாருக்குப் பக்கத்தில் ஒதுங்குமிடம் இருக்கிறதோ அவர் பின்னால் போக வேண்டும். ஆகவே பெரிய வண்டி எடுக்காதீர்கள். வழிகாட்டிச் செயலியில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் அது பக்கத்துப் பண்ணை முற்றத்தில் கொண்டுபோய் விடும். கோட்டையின் பெயரையே தேடி, அதன் வாகன நிறுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் கைபேசிச் சமிக்ஞை அறுந்துபோகும், வரைபடத்தை முன்னதாகவே இறக்கி வைத்திருங்கள். காகித வரைபடம் வேண்டுமென்றால் வை (Wye) ஆற்றுப் பகுதிக்கு ஆர்டினன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவுத் தாள், எண் ஓஎல்14.

கார் இல்லாமல் வருபவருக்கும் வழி உண்டு. நியூபோர்ட், ஆபர்கவென்னி, ஹெரிஃபர்ட், லட்லோ, கிரேவன் ஆர்ம்ஸ், ஷ்ரூஸ்பரி என்று எல்லையை ஒட்டியே ஒரு ரயில் பாதை வடக்கே போகிறது. லட்லோ கோட்டை நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடை. ஸ்டோக்சே கோட்டை கிரேவன் ஆர்ம்ஸிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர். செப்ஸ்டோ வேறு பாதை, நியூபோர்ட்டில் மாற வேண்டும். இந்த மூன்றையும் ரயிலிலேயே பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பேருந்தை மட்டும் நம்ப வேண்டாம்.

கட்டணம். வேல்ஸ் பக்கத்துக் கோட்டைகளை கடூ என்ற அரசு அமைப்பு பார்த்துக்கொள்கிறது. வேல்ஸ் மொழியில் அந்தச் சொல்லுக்குக் 'காப்பது' என்று பொருள். இங்கிலாந்துப் பக்கம் இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற அறக்கட்டளை. வெளிநாட்டுப் பயணிகளுக்கு இரண்டு பக்கமும் பல நாள் அனுமதிச் சீட்டு உண்டு, ஆனால் கீழே சொல்லும் திட்டத்தில் ஒவ்வொரு பக்கமும் இரண்டோ மூன்றோ கட்டண இடம்தான் வருகிறது. தனித்தனிச் சீட்டின் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பிரிட்டனிலேயே வசிப்பவர் என்றால் இங்கிலிஷ் ஹெரிடேஜ் ஆண்டு உறுப்பினர் அட்டை லாபம். அதை வைத்து கடூ இடங்களில் முதல் ஆண்டு பாதிக் கட்டணம், புதுப்பித்த பிறகு இலவசம். லட்லோ தனியாருக்குச் சொந்தம், இந்த அட்டைகள் அங்கே செல்லாது. இலவச இடங்களில் 'நியாயமான எந்த நேரமும் திறந்திருக்கும்' என்று எழுதியிருப்பார்கள். பகல் வெளிச்சம் இருக்கும்வரை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கழிப்பறை, கடை, தண்ணீர் எதுவும் இருக்காது.

முதல் நாள் செப்ஸ்டோ. லண்டனிலிருந்து எம்4 சாலையில் வந்து, எம்48இல் பிரிந்து, பழைய செவர்ன் பாலத்தைக் கடந்தால் ஊர். பாலத்துக்கு இருந்த சுங்கம் 2018 டிசம்பரில் நீக்கப்பட்டது. கோட்டைக்குள் நுழையுமுன் 1816இல் கட்டிய வார்ப்பிரும்புப் பாலத்துக்குப் போய் நில்லுங்கள். நடுப்பாலத்தில்தான் எல்லை, ஒரு கால் இங்கிலாந்தில், ஒரு கால் வேல்ஸில். அங்கிருந்து பார்த்தால் வை ஆற்றின் செங்குத்துப் பாறை எங்கே முடிகிறது, கோட்டைச் சுவர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆறு இங்கே கடலின் ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்டது. நீர்மட்டம் பல மீட்டர் ஏறி இறங்கும், வற்றிய நேரத்தில் வெறும் சேற்றுச் சரிவு. கோட்டை மண்டபத்துக்குக் கீழே உள்ள நிலவறையின் வாசல் அந்தப் பாறை முகத்தில்தான் திறக்கிறது. நீர் ஏறும்போது படகு வரும், சரக்கைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்வார்கள். முற்றுகை நிலப்பக்கம் நடக்கட்டும், சாப்பாடு ஆற்றுப்பக்கம் வந்துகொண்டிருக்கும்.

இங்கே வேலையைத் தொடங்கியவர் நார்மன் பிரபு வில்லியம் ஃபிட்ஸ்ஆஸ்பர்ன், 1067இல். நீளவாக்கில் நான்கு முற்றங்கள், பாறை முதுகின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக. நடுவில் நிற்கும் பெருங்கோபுரத்தின் சுவரைக் கவனியுங்கள்: சாம்பல் கல்லுக்கு நடுவே செம்மஞ்சளாக ஓட்டு வரிசை ஒன்று ஓடும். அது ரோமர் காலத்து ஓடு. அருகில் பாழடைந்து கிடந்த ரோமானிய நகரமான கேர்வென்ட்டிலிருந்து பெயர்த்து வந்தது என்பது பொதுவான கருத்து. ஆக, அந்த ஒரு சுவரிலேயே பல நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது.

செப்ஸ்டோவில் தவறவிடக் கூடாதது, கோட்டைக்குள் காட்சிக்கு வைத்திருக்கும் பழைய வாசல் கதவு. 1962 வரை அது வாசலிலேயே தொங்கியது. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்ததில் 1190களுக்குப் பிந்தியதல்ல என்று தெரிந்தது. ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் கோட்டைக் கதவுகளில் இதுவே மிகப் பழமையானது என்கிறார்கள். முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். முன்னால் செங்குத்துப் பலகைகள், அவற்றின் மேல் தீ பிடிக்காதிருக்க இரும்புத் தகடு. பின்னால் சென்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டைகள் பின்னிய சட்டம், கட்டையோடு கட்டை துளையும் நாக்குமாகப் பொருந்தியிருக்கும். கதவின் பலமெல்லாம் பின்பக்கத்தில். நம் ஊர்த் தச்சர்கள் பார்த்தால் அரை மணி நேரம் நகரமாட்டார்கள்.

அம்மாவுக்கு: கோட்டை முழுவதும் மெதுவாக மேடேறிக்கொண்டே போகும். பெருங்கோபுரம்வரை போனால் போதும், அதற்கப்புறம் உள்ள மேல் முற்றத்தைப் பையனுக்கு விட்டுவிடலாம். முழுவதும் பார்க்க இரண்டு மணி நேரம். மாலையில் ஒன்பது கிலோமீட்டர் வடக்கே டின்டர்ன் மடாலயம். 1131இல் நிறுவியது, கூரையில்லாத தேவாலயம். அங்கே சில ஆண்டுகளாகப் பராமரிப்பு வேலை நடக்கிறது, உட்பகுதி அடைத்திருக்கலாம், வெளியிலிருந்தே பார்க்கும் மனநிலையோடு போங்கள். இரவு மன்மத் அல்லது ஆபர்கவென்னியில் தங்கலாம்.

இரண்டாம் நாளுக்கு முன் இடிபாட்டைப் படிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் போனால் எல்லாம் கல்குவியல்.

உள்ளே நுழைந்ததும் தளத்தைத் தேடுங்கள். சுவரில் ஒரே மட்டத்தில் வரிசையாகச் சதுரக் குழிகள் இருந்தால் அவை உத்திரத்தின் முனை செருகிய இடம், அந்த மட்டத்தில் ஒரு மாடி இருந்திருக்கிறது. அதற்கு மேலே அந்தரத்தில் ஓர் அடுப்பங்கரை தொங்குகிறதா? அது அந்த மாடி அறையின் கணப்பு. தளத்தோடு ஒட்டாமல், சுவர் முழுக்க ஒழுங்கான இடைவெளியில் தெரியும் சின்னக் குழிகள் வேறு. அவை கொத்தனார் சாரம் கட்டிய துளைகள். இந்த இரண்டையும் பிரித்தறிந்தாலே பாதி புரிந்துவிடும். சுவரில் கூரை முகடு போல் சாய்ந்த ஒரு கோடு ஓடினால், அங்கே ஒரு கட்டடத்தின் கூரை வந்து முட்டியிருக்கிறது.

வாசலில் நின்று இருபுறச் சுவரையும் தடவிப் பாருங்கள். மேலிருந்து கீழாக ஓடும் செங்குத்துத் தவாளிப்பு, மேலிருந்து இறங்கும் சட்டக்கதவின் தடம். அதற்குப் பின்னால் ஒருபக்கச் சுவரில் ஆழமான சதுரத் துளை, எதிர்ப்பக்கத்தில் ஆழமில்லாத குழி இருக்கும். கணையமரம் போட்ட இடம் அது. பகலில் மரம் முழுவதும் ஆழமான துளைக்குள் ஒளிந்திருக்கும், இரவில் இழுத்து எதிர்க்குழியில் செருகுவார்கள். பையனின் கையை உள்ளே விடச் சொல்லுங்கள், தோள்வரை போகும்.

வெளிச்சுவரின் அடியில் சரிந்து திறக்கும் பொந்து தெரிந்தால் அது கழிப்பறைச் சரிவு. நேர்மேலே பார்த்தால் சுவரின் கனத்துக்குள்ளேயே ஓர் இடுங்கிய அறை இருக்கும். கீழ்ப்பகுதியில் மட்டும் செதுக்குக்கல் உரிந்து உள்ளே இருக்கும் கரடுமுரடான கலவை தெரிந்தால், அதைப் பெரும்பாலும் பீரங்கி செய்யவில்லை. பின்னால் ஊர்க்காரர்கள் வீடு கட்ட எட்டிய உயரம்வரை பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு கதைகளை நம்பாதீர்கள். சுழற்படிக்கட்டு வலமாகச் சுற்றுவது வலக்கை வாள்வீரனுக்கு வசதியாக என்பது ஒன்று. இடமாகச் சுற்றும் படிகளும் நிறையக் கோட்டைகளில் உள்ளன, இடைக்கால எழுத்து எதிலும் அப்படி ஒரு காரணம் சொல்லப்படவில்லை, கதை நூறு ஆண்டுகளுக்குச் சற்று முன் கிளம்பியது. வாசல் கூரையில் உள்ள துளைகள் வழியாகக் கொதிக்கும் எண்ணெய் ஊற்றினார்கள் என்பது இன்னொன்று. எண்ணெய் விலை உயர்ந்த பொருள். மரக்கதவுக்கு எதிரி தீ வைத்தால் அணைக்கத் தண்ணீர் ஊற்றவும், கல்லெறியவும் அந்தத் துளைகள் உதவின.

இனி இரண்டாம் நாள். காலையில் ரேக்லன். பதினைந்தாம் நூற்றாண்டுக் கோட்டை. பயம் குறைந்து பகட்டு கூடிய காலம். தனக்கென்று தனி அகழி சூழ நிற்கும் அறுகோணக் கோபுரத்துக்கு 'குவென்ட்டின் மஞ்சள் கோபுரம்' என்று பெயர். உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்ற இந்தக் கோட்டை, நீண்ட முற்றுகைக்குப் பின் 1646 ஆகஸ்ட் 19 அன்று பாராளுமன்றப் படையிடம் சரணடைந்தது. பிறகு அதை மறுபடி பயன்படுத்த முடியாதபடி உடைக்கச் சொன்னார்கள். உச்சியிலிருந்து கடப்பாறையால் இடித்துப் பார்த்தார்கள், முடியவில்லை. அப்புறம் அடித்தளத்தைத் தோண்டி, மரத்தால் முட்டுக்கொடுத்து, அந்த மரத்துக்குத் தீ வைத்தார்கள். ஆறு பக்கத்தில் இரண்டு சரிந்தது. மிச்சம் இன்றும் நிற்கிறது. எல்லையில் நீங்கள் பார்க்கும் இடிபாடுகளில் கணிசமானவை இப்படித் திட்டமிட்டு உடைத்தவை. தானாக விழுந்த சுவர் துண்டுதுண்டாக உதிர்ந்திருக்கும். உடைத்த கோபுரம் ரேக்லனைப் போல ஒரு பக்கம் முழுதாகக் காணாமல் போயிருக்கும், மறுபக்கம் முழு உயரத்துக்கு நிற்கும். புல்வெளியும் சரளைப் பாதையும் என்பதால் அம்மாவுக்கும் சிரமமிருக்காது. கோபுரப் படியை மட்டும் விட்டுவிடலாம்.

பிற்பகலில் ஒயிட் காசில், ஸ்கென்ஃப்ரித். கிராஸ்மான்ட்டையும் சேர்த்து 'மூன்று கோட்டைகள்' என்பார்கள். 1201இல் ஜான் மன்னன் இவற்றை ஹியூபர்ட் டி பர்க் என்பவருக்குக் கொடுத்தான். மூன்றையும் இணைக்கும் 31 கிலோமீட்டர் வட்ட நடைபாதை ஒன்று உண்டு, அது தனியே ஒரு முழு நாள் கேட்கும். உங்களுக்கு இரண்டு போதும்.

ஒயிட் காசிலின் அகழியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. பெயருக்குக் காரணமான வெள்ளைப் பூச்சின் திட்டுகளைச் சுவரின் வெளிப்பக்கத்தில் தேடிக் கண்டுபிடிக்கலாம். இடைக்காலக் கோட்டை என்றதும் நாம் வெறும் கல்நிறத்தை நினைக்கிறோம், உண்மையில் சுண்ணாம்பு பூசியிருந்தவை நிறைய. கோபுரங்களின் அம்புப் பிளவுகளையும் பாருங்கள். வழக்கமான சிலுவை வடிவம்தான், ஆனால் குறுக்குக் கோட்டின் இடக்கை ஒரு மட்டத்தில், வலக்கை வேறொரு மட்டத்தில். கோட்டைக்கு வெளியே நிலம் சரிவு. சரிவில் ஏறி வருபவன் பார்வைக்குத் தப்பக் கூடாது என்று அப்படி அமைத்ததாகக் கருதுகிறார்கள். உள்ளிருந்து கண்ணை வைத்துப் பார்த்தால் அதன் பயன் புரியும்.

ஸ்கென்ஃப்ரித் மன்னோ ஆற்றங்கரையில், ஊருக்கு நடுவிலேயே, சமதரையில் இருக்கிறது. இலவசம், அரை மணி நேரம் போதும். நாற்புற மதில், மூலைக்கொரு கோபுரம், நடுவில் தாழ்ந்த மேட்டில் ஒரு வட்டக் கோபுரம். சதுரக் கோபுரத்தின் மூலையை எதிரி தோண்டிச் சாய்க்கலாம். வட்டத்துக்கு மூலையே இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இது புதுமை.

மூன்றாம் நாள் குட்ரிச். ஒரே ஒரு கோட்டைக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். சிவப்புப் பாறையைக் குடைந்து அகழி வெட்டி, வெட்டிய கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். அதனால் தரையிலிருந்து சுவர் முளைத்தது போல இருக்கும். நடுவில் மட்டும் சாம்பல் நிறச் சதுரக் கோபுரம், அது பன்னிரண்டாம் நூற்றாண்டு. சுற்றியுள்ள சிவப்பு எல்லாம் வில்லியம் டி வாலன்ஸ் குடும்பம் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கடைசியை ஒட்டிக் கட்டியது. நிறத்தைப் பார்த்தே காலம் சொல்லலாம். மூலைக் கோபுரங்களின் அடியைக் கவனியுங்கள். மேலே வட்டம், கீழே சதுரம், இரண்டையும் இணைத்துக் கூம்பு போலச் சாய்ந்தேறும் தாங்குசுவர்கள். சுரங்கம் தோண்டுபவனுக்கு எதிராகக் கல்லைக் குவித்து வைத்திருக்கிறார்கள்.

அப்படியும் 1646இல் இது விழுந்தது. பாராளுமன்றப் படையின் கர்னல் ஜான் பர்ச் உள்ளூரிலேயே 'ரோரிங் மெக்' என்ற குட்டைப் பீரங்கியை வார்ப்பித்தார். ஏறக்குறைய 90 கிலோ எடையுள்ள வெடிகுண்டை மதிலுக்கு மேலாகத் தூக்கி உள்ளே போடும். அந்தப் பீரங்கி இப்போது கோட்டைக்குள்ளேயே நிற்கிறது. அதன் வாயளவையும், இடிந்து கிடக்கும் வடமேற்குக் கோபுரத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் போதும், மதில்களின் காலம் ஏன் முடிந்தது என்று பையனுக்கு விளக்கவே வேண்டாம். சிற்றாலயத்தில் ஒரு புதிய கண்ணாடிச் சாளரம் இருக்கும். 1942 ஜூன் 7 அன்று அருகில் விழுந்த ஹாலிஃபாக்ஸ் விமானத்தில் இறந்த ராடார் ஆய்வாளர்களின் நினைவாக வைத்தது. வாகன நிறுத்தத்திலிருந்து கோட்டைக்குச் சற்று நடை உண்டு. முற்றம் சமதரை, பழைய கோபுரத்தின் படிகள்தான் இடுக்கு.

மாலையில் லட்லோ போகும் வழியில் விக்மோர். பெரும் செல்வாக்கோடு இருந்த மார்டிமர் குடும்பத்தின் தலைமையிடம். 1990களில் இதைச் சீரமைத்தபோது, இடிந்த மண்ணை அள்ளிவிட்டுப் புல்தரை போடும் வழக்கத்தைக் கைவிட்டு, மண்ணையும் செடியையும் அப்படியே விட்டார்கள். சுவர் உச்சியில் புல்பத்தை போட்டு மழையும் உறைபனியும் கல்லுக்குள் இறங்காமல் தடுத்தார்கள். அதனால் வாசல் வளைவு இன்றும் பாதிக்கு மேல் மண்ணில் புதைந்திருக்கிறது. வளைவின் உச்சி உங்கள் தலைமட்டத்தில் இருக்கும், நீங்கள் நிற்பது சில மீட்டர் இடிபாட்டின் மேல். கோட்டையருகே வண்டி நிறுத்த இடமில்லை. ஊரில் நிறுத்திவிட்டு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் மேட்டில் நடக்க வேண்டும். மழை பெய்திருந்தால் வழுக்கும். அம்மாவை இங்கே கூட்டிப்போக வேண்டாம். அவரோடு ஒருவர் நேரே லட்லோ போய்விடலாம், 13 கிலோமீட்டர்தான்.

நான்காம் நாள் காலை, திறந்த உடனே ஸ்டோக்சே. இதைக் கட்டியவர் பிரபு அல்ல, லட்லோவின் கம்பளி வியாபாரி லாரன்ஸ். 1281இல் இடத்தை வாங்கினார். 1282–83இல் முதலாம் எட்வர்ட் வேல்ஸை வென்றார், எல்லையில் பயம் தணிந்தது. அதன் விளைவு மண்டபத்தின் சாளரங்களில் தெரியும்: ஆளுயரத்துக்கு மேல், அகலமாக. ஒயிட் காசிலில் பார்த்த அம்புப் பிளவுகளை நினைவில் வைத்துக்கொண்டு இவற்றைப் பாருங்கள். மண்டபத்தின் மரப்படிக்கட்டு பதின்மூன்றாம் நூற்றாண்டுக்காரர் ஏறிய அதே படி. ஒவ்வொரு படியும் முழு மரத்தில் வெட்டியது. தேய்ந்திருக்கிறது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். மண்டபமும் முற்றமும் தரைமட்டம். முழங்கால் வலி உள்ளவருக்கு இந்தப் பயணத்திலேயே எளிதான இடம் இதுதான். வாசலில் நிற்கும் மஞ்சள் நிற மரச்சட்ட வாயில் மாடம் மட்டும் பதினேழாம் நூற்றாண்டு.

பிற்பகல் லட்லோ. சந்தைச் சதுக்கத்திலிருந்து நேரே கோட்டை வாசல். வெளிமுற்றம் சமமான பெரும் புல்வெளி, பெஞ்சுகள் உண்டு. உள்முற்றத்தில் தனித்து நிற்கும் வட்டச் சிற்றாலயத்தைத் தேடிப் போங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டு, சுற்றிலும் வளைவு மாடங்கள், இங்கிலாந்தில் வட்டமான சிற்றாலயங்கள் மிகச் சிலவே. எல்லையையும் வேல்ஸையும் ஆண்ட ஆட்சிக்குழு இந்தக் கோட்டையில்தான் கூடியது. ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர் 1502 ஏப்ரல் 2 அன்று பதினைந்து வயதில் இங்கேதான் இறந்தான். அவன் தம்பி எட்டாம் ஹென்றியாக அரசனானது அதனால்தான்.

எடுத்துச் செல்ல வேண்டியவை குறைவு. வழுக்காத அடிப்பாகம் உள்ள காலணி, ஏனென்றால் சுழற்படிகள் நடுவில் குழிந்து மழுங்கியிருக்கும், கைப்பிடிக்குப் பதில் கயிறுதான். இறங்கும்போது சுவரோரமாக, படி அகலமாக இருக்கும் பக்கத்தில் கால் வையுங்கள். குடை வேண்டாம், கோபுர உச்சியில் காற்று அதைத் திருப்பிவிடும், மழைச்சட்டை போதும். ஒரு சின்ன டார்ச். கிராமங்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் சமையலறையை மூடிவிடுவார்கள், சைவர்களுக்குத் தேர்வு இன்னும் குறைவு, ஆகவே காலையிலேயே ஏதாவது கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மேய்ச்சல் நிலத்தின் வேலிக்கதவு மூடியிருந்தால் கடந்தபின் மூடுங்கள். புதர்ப் பன்னங்கள் உள்ள இடத்தில் நடந்தால் மாலையில் கணுக்காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்து கிடக்கும் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. இவை சட்டப் பாதுகாப்பு பெற்ற இடங்கள், அனுமதியில்லாமல் உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவதும் குற்றம்.

கடைசியாக, புறப்படும் அன்று காலை அந்தந்தக் கோட்டையின் இணையப் பக்கத்தைப் பாருங்கள். கல் தளர்ந்து விழும் அபாயம் என்றால் ஒரு கோபுரத்தையோ முழுக் கோட்டையையோ முன்னறிவிப்பின்றி மூடுவார்கள், பலத்த காற்று நாளிலும் அப்படியே. கடைசி நுழைவு நேரம் மூடும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிடும். லட்லோவிலிருந்து லண்டனுக்குக் காரில் நான்கு மணி நேரம் ஆகும், நான்கு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குள் வீடு சேரலாம்.